வியன்னா வால்ட்ஸ், போல்கா பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

யோஹான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' என்ற வால்ட்ஸைத் (மூன்றடி நடன இசை) தேடினால் பதிவுகள் வரிசைகட்டி வந்து நிற்கும். எல்லாவற்றிலும் அதே மெட்டு, பெரும்பாலும் நல்ல ஆர்கெஸ்ட்ரா. எதை எடுப்பது? பலரும் வேகத்தை வைத்தோ ஒலியின் தெளிவை வைத்தோ முடிவு செய்துவிடுகிறார்கள். என் கருத்து வேறு. அந்த மெட்டை யார் வாசித்தாலும் அழகாகத்தான் இருக்கும். அதை வைத்து ஒரு பதிவை எடைபோட முடியாது. மெட்டுக்கு அடியில் இரண்டாம் வயலின்களும் வியோலாக்களும் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக் கருவி) இரண்டாவது, மூன்றாவது அடிகளை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் நல்ல பதிவும் சாதாரணப் பதிவும் பிரிகின்றன. கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் அதைக் கேட்கக் காதைப் பழக்குவதற்காகத்தான்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். தந்தை யோஹான் ஸ்ட்ராஸ் (1804–1849) 'ரடெட்ஸ்கி' அணிவகுப்பை எழுதியவர். இசையமைப்பாளர்களான அவருடைய மகன்கள் மூவர்: இரண்டாம் யோஹான் (1825–1899), யோசெஃப் (1827–1870), எடுவார்ட் (1835–1916). 'வால்ட்ஸ் மன்னர்' என்று உலகம் கொண்டாடுவது இரண்டாம் யோஹானை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. தேடும்போது அவருடைய பெயரும் கலந்து வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 1: சில உருப்படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

நூறு வால்ட்ஸ்களை மேலோட்டமாகக் கேட்பதைவிட ஐந்தாறு உருப்படிகளைத் திரும்பத் திரும்பக் கேட்பது மேல். என் தேர்வு இது (ஓபஸ் என்பது ஒரு படைப்பின் வரிசை எண்):

- 'நீல டான்யூப்', ஓபஸ் 314, 1867
- 'பேரரசர் வால்ட்ஸ்', ஓபஸ் 437, 1889
- யோசெஃப் எழுதிய 'கோளங்களின் நாதம்', ஓபஸ் 235, 1868
- வேகப் போல்காவுக்கு (போல்கா இரண்டடி நடன இசை) 'இடியும் மின்னலும்', ஓபஸ் 324, 1868
- மெதுவான பிரெஞ்சு போல்காவுக்கு 'அன்னென் போல்கா', ஓபஸ் 117, 1852
- மூன்றடியில் வரும் போல்கா மசூர்காவுக்கு யோசெஃபின் 'தட்டான்' (தும்பி), ஓபஸ் 204

யோசெஃப் ஸ்ட்ராஸை விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஸ்வரச் சேர்க்கையின் ஆழத்தில் இவர் ஒரு படி மேல் என்றே நான் நினைக்கிறேன். சாதாரண ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கையில் 'கோளங்களின் நாதம்' வெறும் இனிப்பாகிவிடும். அதனாலேயே பதிவுகளைச் சோதிக்க அது மிகவும் நல்ல உருப்படி.

படி 2: சரியான பதிவு கையில் இருக்கிறதா?

தேடும்போது தலைப்போடு ஓபஸ் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். தலைப்பு ஜெர்மனில் ஒன்றாகவும் ஆங்கிலத்தில் வேறாகவும் இருக்கும், ஓபஸ் எண் மாறாது. அப்புறம் மூன்று விவரங்களைப் பாருங்கள்: நடத்துநர் பெயர், ஆர்கெஸ்ட்ரா, பதிவான ஆண்டு. இவற்றில் ஒன்றுகூடக் குறிப்பிடாத 'சிறந்த வால்ட்ஸ்கள்' வகைத் தொகுப்புகளை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா ஆண்டுதோறும் நடத்தும் புத்தாண்டுக் கச்சேரியின் தொகுப்புகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே தலைப்புதான். அங்கே ஆண்டுதான் அடையாளம். அதே நடத்துநர் பல ஆண்டுகள் நடத்தியிருப்பார், ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து, எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வியன்னா வால்ட்ஸ் ஒரே வால்ட்ஸ் அல்ல. ஒரு முன்னுரை, அதன்பின் பெரும்பாலும் ஐந்து சிறு வால்ட்ஸ்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள், கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப நினைவூட்டும் முடிவுப் பகுதி. பகுதிகளைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் குறிகள் நிறைய இருக்கும். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடங்கள்தான் கொள்ளும் என்பதால், அந்தக் காலத்தில் முன்னுரையைச் சுருக்கி, திரும்ப வாசிப்பதை விட்டு, இரண்டு பக்கத்துக்குள் அடைத்தார்கள். அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. ஆகவே ஒரு பதிவு எட்டு நிமிடம், இன்னொன்று பதினொரு நிமிடம் என்றால் முதலாவது வேகமானது என்று முடிவு கட்டாதீர்கள், சில பகுதிகளைத் திரும்ப வாசிக்காமல் விட்டிருக்கலாம். ஐஎம்எஸ்எல்பி (IMSLP) இணையதளத்தில் இந்த வால்ட்ஸ்களின் இசைக்குறிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கத் தெரியாவிட்டாலும், திரும்ப வாசிக்கச் சொல்லும் இரட்டைக் கோடும் புள்ளிகளும் எங்கே இருக்கின்றன என்று பின்தொடர்ந்து பார்க்கலாம்.

படி 3: ஒலியளவைச் சமமாக்குங்கள்

சத்தமாக ஒலிப்பது எதுவும் முதலில் சிறப்பாகத்தான் தோன்றும். ஒரே இடத்தை, 'நீல டான்யூப்' முதல் வால்ட்ஸின் தொடக்கத்தை வைத்துக்கொள்ளலாம், இரண்டு பதிவுகளிலும் ஓட்டி, காதுக்கு ஒரே அளவாகும் வரை சரிசெய்யுங்கள். 1950களின் ஒற்றைத்தட (மோனோ) ஒலிப்பதிவுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருக்கும். ஹெட்ஃபோன் நல்லது. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் வியோலாவும் அடிஸ்தாயியில் ஒலிக்கும் டபுள் பேஸும் காணாமல் போய்விடும், பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

படி 4: இரண்டாவது அடியைக் கேளுங்கள்

இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

வால்ட்ஸுக்கு மூன்று அடி. முதல் அடியை டபுள் பேஸும் செல்லோவும் தாங்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டாம் வயலின், வியோலா, ஹார்ன் ஆகியவை சிறு சிறு வெட்டுகளாகப் போடும். காகிதத்தில் மூன்றும் சம அளவு. வியன்னாக்காரர்கள் அப்படி வாசிப்பதில்லை. இரண்டாவது அடியை ஒரு நூல் முன்னாலேயே போட்டுவிடுவார்கள். மூன்றாவது அவசரப்படாமல் தன் இடத்திலோ கொஞ்சம் பிந்தியோ விழும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு சிறு வெளி திறக்கும். நடனமாடுபவர் உடலைத் திருப்புவது அந்த வெளியில்தான். எவ்வளவு முன்னால் என்று எந்தக் குறிப்பிலும் எழுதியிருக்காது. பக்கத்து இருக்கையில் வாசிப்பவரைக் கேட்டுக் கேட்டு வருவது.

நம்மிடம் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கச்சேரியில் தாளம் போடும் பழக்கம் பலருக்கும் உண்டு. திஸ்ரமாக, மூன்று மூன்றாக எண்ணிக்கொள்ளுங்கள்: முதல் அடிக்குத் தொடையில் ஒரு தட்டு, அடுத்த இரண்டுக்கும் விரல். சீராக, பதிவை விரட்டாமல் போடுங்கள். உங்கள் விரல் விழுவதற்கு முன்பே ஆர்கெஸ்ட்ராவின் இரண்டாவது அடி வந்துவிட்டால், நாம் தேடுவது அதுதான். மூன்றும் உங்கள் விரலோடு கச்சிதமாகச் சேர்ந்தால் அந்த ஆர்கெஸ்ட்ரா எழுதியதை எழுதியபடி வாசிக்கிறது. தவறு இல்லை, ஆனால் வியன்னா இல்லை.

ஒரு எச்சரிக்கை. முன்தள்ளல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வந்தால் அது பாவனை. நல்ல பதிவில் மெட்டு நிதானமாக நடக்கும் இடத்தில் வெளி நன்றாகத் திறக்கும். வேகம் பிடித்ததும் சுருங்கும். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து முழங்கும் இடத்தில் அநேகமாக மறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் (மூன்று அடி சேர்ந்தது ஒரு சுற்று) அதே இழுப்பு, அதே தள்ளல் என்றிருக்கும் பதிவுகள் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும்.

'நீல டான்யூப்' முதல் வால்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்லோவும் ஹார்னும் ஸ–க–ப என்று ஏறி நிற்க, மேல்ஸ்தாயியில் இரண்டிரண்டு சிறு ஸ்வரங்கள் பதில் சொல்லும். அந்தப் பதில் எவ்வளவு இலேசாக விழுகிறது, அடியில் இருக்கும் வெட்டுகள் அதோடு இழைகின்றனவா, அதை இடிக்கின்றனவா என்று கேளுங்கள். சுமாரான பதிவில் பதிலும் வெட்டும் ஒரே கனத்தில் விழும். நல்ல பதிவில் இரண்டும் வேறு வேறு கைகள் என்று தெரியும்.

பெரிய ஆர்கெஸ்ட்ராவில் இது பிடிபடவில்லை என்றால் சிறிய குழுவுக்குப் போங்கள். 1921இல் ஷோன்பெர்க், பெர்க், வேபெர்ன் மூவரும் ஸ்ட்ராஸ் வால்ட்ஸ்களைச் சில கருவிகள் மட்டும் வாசிக்கும்படி மாற்றி எழுதினார்கள். தங்கள் இசைச் சங்கத்துக்கு நிதி திரட்டத்தான் அதைச் செய்தார்கள். கரடுமுரடான நவீன இசைக்குப் பேர்போன மூவர், வியன்னாவின் பொழுதுபோக்கு இசையை அத்தனை அக்கறையோடு தொட்டிருக்கிறார்கள். போஸ்டன் சிம்ஃபனியின் சேம்பர் குழு இவற்றைப் பதிவு செய்திருக்கிறது. ஒரே ஒரு வியோலா அந்த இரண்டாவது அடியைப் போடுவது அதில் கண்ணாடிபோலத் தெரியும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால் பெரிய ஆர்கெஸ்ட்ராவிலும் காது தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும்.

படி 5: இணைப்புகள்

ஒரு வால்ட்ஸிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறார்கள் என்பதில் நடத்துநர் அகப்பட்டுவிடுவார். 'நீல டான்யூப்' முன்னுரையில் வயலின்கள் நடுங்கும் ஒலியில் தொடங்க, ஹார்ன் மெட்டை மெல்லச் சொல்லிப் பார்க்கும். கடைசியில் பேஸ் கருவிகள் மூன்று ஸ்வரம் கீழே இறங்கி முதல் வால்ட்ஸுக்கு வழிவிடும். அந்த மூன்று ஸ்வரங்களை மட்டும் ஐந்து பதிவுகளில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சிலர் நேராகக் கடந்துவிடுவார்கள், சிலர் மூச்சுப் பிடித்து நிற்பார்கள், சிலர் நின்றது தெரியாமல் நிற்பார்கள். மூன்றாவது வகைதான் கைதேர்ந்தது.

முதல் வால்ட்ஸ் எந்த வேகத்தில் தொடங்குகிறது, எத்தனை சுற்றில் முழு வேகத்தை அடைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தை அளக்கக் கடிகாரம் போதும்: 15 விநாடியில் எத்தனை முதல் அடி விழுகிறது என்று எண்ணுங்கள். இன்றைய போட்டி நடனத்தில் வியன்னா வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சுற்று, அதாவது 15 விநாடிக்கு 15. கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் இதற்குக் கீழே தொடங்கி ஏறி இறங்கும்.

'பேரரசர் வால்ட்ஸ்' இன்னொரு வகைச் சோதனை. அது வால்ட்ஸாகவே தொடங்குவதில்லை. மெல்லிய அணிவகுப்பாகத் தொடங்குகிறது. அதை ராணுவ மிடுக்கோடு வாசித்தால் கெட்டது. தூரத்தில் யாரோ நடந்து வருவதுபோல இருக்க வேண்டும். பிறகு தனிச் செல்லோ ஒன்று எழுந்து வால்ட்ஸுக்குக் கைபிடித்து அழைத்துப் போகும். செல்லோக்காரர் அழுது வடியாமல், அதே நேரம் அவசரமும் படாமல் வாசித்தால் அந்தப் பதிவை முழுதாகக் கேட்கலாம். 'வியன்னா வனக் கதைகள்' கேட்பவர்கள் ஸித்தர் (மேசையில் வைத்து மீட்டும் தந்திக் கருவி) தனி வாசிப்பைப் பாருங்கள். ஸித்தர் கலைஞர் கிடைக்காவிட்டால் தந்திக் கருவிகளே வாசிக்க ஸ்ட்ராஸ் மாற்று ஏற்பாடும் எழுதிவைத்திருக்கிறார், சில பதிவுகளில் அதுதான் இருக்கும். எனக்கு ஸித்தர் இல்லாமல் அந்த வால்ட்ஸ் பாதிதான்.

படி 6: போல்காக்கள்

வேகப் போல்காவில் வேகம் எல்லோருக்கும் வரும். 'இடியும் மின்னலும்' கேட்கும்போது பெரிய முரசு உருளும் இடத்தில் வயலின்களின் சிறு ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, சத்தத்தில் கரைந்துவிடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். பிரெஞ்சு போல்கா கடினம். 'அன்னென் போல்கா' மெதுவாக, கொஞ்சம் குறும்பாக, ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் தலையசைப்போடு போக வேண்டும். அதை விரைவாக முடித்துவிடும் நடத்துநரிடம் எனக்கு நம்பிக்கை வராது. 'தட்டான்' மூன்றடிதான், ஆனால் வால்ட்ஸ் அல்ல. கனம் முதல் அடியை விட்டுப் பின்னால் சாயும். அதை மெதுவான வால்ட்ஸாக ஆக்கிவிட்ட பதிவுகளும் உண்டு. நான்காம் படியில் பழகிய காது அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

படி 7: யாரோடு யாரை ஒப்பிடுவது

வில்லி பொஸ்கோவ்ஸ்கியிலிருந்து தொடங்குங்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கின் முதல் வயலின் கலைஞர் இவர். 1955 முதல் 1979 வரை புத்தாண்டுக் கச்சேரியை, ஸ்ட்ராஸ் செய்ததுபோலவே கையில் வயலினோடு நின்று நடத்தினார். டெக்கா நிறுவனத்துக்காக இவர் செய்த பதிவுகளில் பல சோஃபியன்சால் மண்டபத்தில் உருவானவை. ஸ்ட்ராஸ் குடும்பமே வாசித்த இடம் அது. முன்பு குளியல் மாளிகையாக இருந்ததால் மரத்தரைக்குக் கீழே பழைய குளத்தின் வெற்றிடம் இருந்தது, அதன் கதகதப்பு ஒலியில் தெரியும். 2001இல் அந்த மண்டபம் தீக்கிரையானது. பொஸ்கோவ்ஸ்கி பதிவுகளில் ஆழம் சில சமயம் குறையலாம். தாளம் ஒருபோதும் பொய் சொல்லாது. உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ள இதுவே போதும்.

அடுத்து பின்னோக்கிப் போய் நடத்துநர் கிளெமென்ஸ் க்ராஸ். புத்தாண்டுக் கச்சேரியைத் தொடங்கிவைத்தவர். முதல் கச்சேரி 1939 டிசம்பர் 31 அன்று, நாஜி ஆட்சியில், அவர்களுடைய குளிர்கால நிவாரண நிதிக்காக நடந்தது. இந்த இசையை நேசிப்பவர்கள் அந்தத் தொடக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1950களின் தொடக்கத்தில் டெக்காவுக்கு க்ராஸ் செய்தவை ஒற்றைத்தடப் பதிவுகள், ஒலி கொஞ்சம் வறண்டிருக்கும். ஆனால் இரண்டாவது அடியின் இயல்பை இவ்வளவு அலட்டல் இல்லாமல் வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

இவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் சிகாகோ ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஃப்ரிட்ஸ் ரைனரும், கிளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஜார்ஜ் ஸெல்லும். இருவரும் புடாபெஸ்டில் பிறந்தவர்கள். ஸெல் வளர்ந்தது வியன்னாவில். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராவுக்கு இந்த வாசிப்பு வழக்கம் தெரியாது என்று நினைப்பவர்கள் 1957, 1960 ஆண்டுகளில் ரைனர் செய்த பதிவுகளைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் கூர்மையாகத் தெரியும், 'இடியும் மின்னலும்' நிஜமாகவே மின்னும். ஆனாலும் தாளத்தின் நெகிழ்வு நடத்துநர் சொல்லி வந்தது என்பது புரியும். வியன்னாவில் அது வாசிப்பவர்களிடமிருந்தே வருகிறது. இந்த வேறுபாட்டை உணர ரைனரையும் பொஸ்கோவ்ஸ்கியையும் 'பேரரசர் வால்ட்ஸி'ல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கரயானை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு 1960களில் செய்தவற்றில் தந்திகளின் ஒலி பட்டுப்போல நீண்டு வழியும். அந்த வழிதலில் அடியிலிருக்கும் வெட்டு மங்கிவிடுகிறது என்பது என் குறை. 1987இல் அவர் நடத்திய ஒரே ஒரு புத்தாண்டுக் கச்சேரி முற்றிலும் வேறு. உடல் தளர்ந்த முதிய வயதில் ஆர்கெஸ்ட்ராவை அதன் போக்கில் விட்டிருக்கிறார். அதில் வரும் 'கோளங்களின் நாதம்', 'அன்னென் போல்கா' இரண்டையும் தவறவிடக் கூடாது. கேத்லீன் பேட்டில் பாடும் 'வசந்தத்தின் குரல்கள்' அந்தக் கச்சேரியின் இன்னொரு வரம்.

பிறகு கார்லோஸ் க்ளைபர், 1989, 1992. இரண்டே கச்சேரிகள். என் பட்டியலில் முதலிடம் இவருக்குத்தான். காரணம், முன்தள்ளல் எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று சுற்றுக்குச் சுற்று அவர் முடிவு செய்திருப்பது கேட்கிறது. இருந்தும் எதுவும் திட்டமிட்டதாகத் தோன்றாது. 1989இன் 'தட்டான்' காற்றில் நிற்கும். 1992இன் 'கோளங்களின் நாத'த்தை 1987 கரயானோடு ஒப்பிடுங்கள்: கரயான் நின்று திரும்பிப் பார்க்கிறார், க்ளைபர் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். காணொளி கிடைத்தால் பாருங்கள். சில இடங்களில் கையை இறக்கிவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்பார்.

நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் வேறு பள்ளி. மூலக் குறிப்புகளுக்குத் திரும்பி, மெருகைத் துடைத்து, அழுத்தங்களைக் கூர்மையாக்கியவர். 1986 ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் பதிவு சிலருக்கு உலர்ந்ததாகப் படும். எனக்கு இந்த இசைக்குள் இருக்கும் சோகம் முதலில் கேட்டது அதில்தான். அரிய உருப்படிகளைத் தேடுபவர்களுக்கு மார்க்கோ போலோ நிறுவனத்தின் 52 தட்டுத் தொகுப்பு இருக்கிறது. இரண்டாம் யோஹானின் ஆர்கெஸ்ட்ரா இசையை ஒன்றுவிடாமல் தரும் முயற்சி அது. தெரிந்துகொள்ள நல்லது, அளவுகோலாக வேண்டாம்.

படி 8: நேரடிக் கச்சேரியா, ஸ்டூடியோவா

புத்தாண்டுப் பதிவுகளில் 'நீல டான்யூப்' தொடங்கியதும் கைதட்டல் குறுக்கிடும். ஆர்கெஸ்ட்ரா நின்று வாழ்த்துச் சொல்லி மறுபடி தொடங்கும். ஒப்பிடும்போது அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். 'ரடெட்ஸ்கி'யில் பார்வையாளர்கள் தாளம் தட்டுவார்கள் என்பதால் அதை வைத்து ஆர்கெஸ்ட்ராவை மதிப்பிட முடியாது. நேரடிப் பதிவில் சிறு பிசிறுகள் இருக்கும், ஆனால் இணைப்புகளில் வரும் துணிச்சல் ஸ்டூடியோவில் அரிது.

படி 9: குறித்துவையுங்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்து வரி போதும்: ஆண்டும் ஆட்களும், பகுதிகளை வெட்டியிருக்கிறார்களா, முதல் வால்ட்ஸில் 15 விநாடிக்கு எத்தனை சுற்று, இரண்டாவது அடி எப்படி, எந்த இணைப்பு நினைவில் நின்றது. நட்சத்திரம் போட வேண்டாம். சில வாரம் கழித்துக் குறிப்பைப் பார்க்காமல் மறுபடி கேட்டு, புதிதாக எழுதி, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நான்காவது வரி மாறியிருந்தால் காது வளர்ந்திருக்கிறது.

பழகிய காதோடு ஜனவரி 1 அன்று நேரலைக்கு உட்காருங்கள். வியன்னாவில் காலை 11:15க்குத் தொடங்கும் கச்சேரி இந்திய நேரப்படி பிற்பகல் 3:45க்கு வரும். 'நீல டான்யூப்' கடைசியில், 'ரடெட்ஸ்கி'க்கு முன்னால் வரும். அந்த ஆண்டின் பதிவு சில நாட்களிலேயே வெளியாகிவிடும் என்பதால், நேரலையில் எழுதிய ஐந்து வரியை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.